அவள் சிங்களத்தில் சொன்னது

யாழ்ப்பாணத்தில் சில வருடங்கள் பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் படிப்பித்தவள் நான். இலக்கணத்தில் யாரும் என்னை மடக்க முடியாது. கட்டுரை திருத்துவேன், கடிதம் எழுதிக் கொடுப்பேன். ஆனால் ஒரு வெள்ளைக்காரர் முன்னால் வந்து நின்று நேரம் என்ன என்று கேட்டிருந்தால் கைக்கடிகாரத்தை நீட்டிக் காட்டிவிட்டு விலகிப் போயிருப்பேன். வாசிப்பது வேறு, வாய் திறப்பது வேறு என்பது எனக்கு அப்போதே தெரியும். அதை வெளியில் சொன்னதில்லை.

தொண்ணூறுகளின் நடுப்பகுதியில் ஊரை விட்டு எல்லோரும் வெளிக்கிட்டபோது, அம்மாவும் அப்பாவும் அண்ணன் குடும்பத்தோடு வவுனியாவில் நின்றுவிட்டார்கள். நான் மட்டும் இராணுவத்தின் பயண அனுமதிப் பாஸ் கிடைத்துக் கொழும்புக்கு வந்தேன். வெள்ளவத்தையில், கடல் பக்கத்து ஒழுங்கையொன்றில், இன்னும் இரண்டு பெண்களோடு ஒரு அறையில் இருந்தேன். ரயில் போகும்போது யன்னல் கண்ணாடி நடுங்கும். வேலை தேடித் திரிந்த நாட்களில் ஒரு பலசரக்குக் கடைச் சுவரில் அந்த அறிவித்தலைக் கண்டேன். பெண்களுக்கு மட்டும் ஸ்போக்கன் இங்கிலிஷ் என்று எழுதி, கீழே விலாசம் போட்டிருந்தது. நான் படிக்கப் போகவில்லை. ஆசிரியை தேவையா என்று கேட்கப் போனேன்.

அப்படித்தான் அவளைச் சந்தித்தேன். கொட்டாஞ்சேனையில் பிறந்து வளர்ந்தவள், என் வயதுதான். கன்னியாஸ்திரிகளின் பள்ளிக்கூடத்தில் படித்தவள். தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றும் அவளுக்கு ஒரே மூச்சில் வரும். வெள்ளவத்தையில் அவளுடைய சித்தி வீட்டு மேல்மாடி சும்மா கிடந்ததால் வகுப்புத் தொடங்கியிருந்தாள். நான் பேசிய நாலு வசனத்தைக் கேட்டுவிட்டுச் சிரித்தாள். "உச்சரிப்பு நான் பாத்துக்கிறேன். கிராமர் நீ எடு. நாளைக்கே வா" என்றாள். அந்த ஊரில் யாரும் என்னிடம் நாளைக்கே வா என்று சொல்லியிருக்கவில்லை.

அந்தக் காலத்து வெள்ளவத்தை காத்திருப்பவர்களின் ஊர். லொட்ஜ்களில், அனெக்ஸ்களில், உறவினர் வீட்டு ஹோல்களில் எங்கும் ஆட்கள் விசாவுக்குக் காத்திருந்தார்கள். கனடா மாப்பிள்ளைக்குப் பேசி முடித்த பெண்கள், லண்டனில் இருக்கும் மகனிடம் போக வந்த தாய்மார், சுவிசுக்குப் போவதா பிரான்சுக்குப் போவதா என்று ஏஜென்சிக்காரன் சொல்லும்வரை தெரியாதவர்கள். எங்கள் வகுப்புக்கு வந்தவர்களில் பாதிப் பேர் அவர்கள். நாங்கள் கரும்பலகையில் காலங்களை எழுதிப் போடுவோம், அவர்கள் கொப்பியில் பார்த்து எழுதுவார்கள். எழுதி முடிந்ததும் வீட்டுக்குப் போவார்கள்.

ஒருநாள் எங்கள் மாணவி ஒருத்தி தூதரகத்து நேர்முகத்துக்குப் போய்விட்டு நேரே வகுப்புக்கு வந்தாள். முகம் வீங்கியிருந்தது. கேட்ட கேள்விகள் எல்லாவற்றுக்கும் அவளுக்குப் பதில் தெரியும். நானே படிப்பித்தவை.

"அந்த மனுசன் நிமிர்ந்து பார்த்தவுடனை எனக்கு என்ரை பேரும் மறந்துபோச்சு, ரீச்சர்" என்றாள்.

மற்றவர்கள் அவளுக்காகப் பரிதாபப்பட்டார்கள். அவள் சொன்னது என் கதை. இவளுக்கு இன்னும் நூறு வசனம் பாடமாக்கிக் கொடுத்தாலும் அடுத்த முறையும் இதுதான் நடக்கும் என்று விளங்கியது. இவள் பழக வேண்டியது ஆங்கிலம் இல்லை. ஒருவன் நிமிர்ந்து பார்க்கும்போது வரும் பயத்தோடு வாய் திறக்கப் பழக வேண்டும். அதை எந்தப் புத்தகத்திலும் நான் வாசித்திருக்கவில்லை. பயந்தவளுக்குத்தான் அது தெரியும்.

அடுத்த நாள் மேசையைக் குறுக்கே இழுத்துப் போட்டேன். சித்தியின் மூக்குக் கண்ணாடியை வாங்கி மாட்டிக்கொண்டு பின்னால் உட்கார்ந்தேன். நேர்முகத்துக்குப் போய்வந்தவளைக் கூப்பிட்டு, வந்து நின்றவளைப் பார்க்காமல் கடதாசிகளைப் புரட்டினேன். வகுப்பில் இருந்த மற்றப் பிள்ளைகள் வாய்பொத்திச் சிரித்தார்கள். நான் நிமிரவில்லை. சிரிப்பு அடங்கியது. பிறகுதான் கண்ணாடிக்கு மேலால் பார்த்துக் கேட்டேன், வறண்ட குரலில், அவளுக்கு உதவி செய்யும் எண்ணமே இல்லாத ஒருத்தனைப்போல. அவள் தடுமாறினாள், பிழையாகச் சொன்னாள், ஆனால் சொன்னாள்.

அன்றிலிருந்து வகுப்பின் போக்கே மாறியது. சந்தையில் கத்தரிக்காய் வாங்கி வந்து கடை பரப்பினோம். கதிரைகளை வரிசையாக்கி விமானத்தில் ஏறினோம். குழந்தைக்குக் காய்ச்சல் என்று டொக்டரிடம் போனோம், பிழையான பஸ்ஸில் ஏறி இறங்கத் தெரியாமல் நின்றோம். எங்களிடம் ஒரேயொரு சட்டம் இருந்தது. பிழையாகக் கதைக்கலாம், பேசாமல் இருக்கக்கூடாது. எனக்குள்ளும் ஏதோ நடந்தது. கூட்டத்தில் ஒதுங்கி நிற்பவள் நான். இன்னொருவரின் சட்டையைப் போட்டுக்கொண்டால் பேச்சு தானாக வந்தது. டொக்டராக, கோபக்கார அயலவராக, கேட்டது விளங்காத கிழவியாக நடித்து நடித்து, ஒருநாள் நான் நானாகவே ஆங்கிலத்தில் கதைத்துக்கொண்டிருப்பதைக் கண்டுபிடித்தேன்.

என் சிநேகிதி முதலில் ஒத்துக்கொள்ளவில்லை. இது க்ளாஸா நாடகமா என்று கேட்டாள். பிறகு படிகளில் உட்காரும் அளவுக்குப் பிள்ளைகள் வரத் தொடங்கியதும், "உன்ட தலைக்குள்ள என்ன இருக்கெண்டு எனக்கே தெரியாமப் போச்சு" என்று என் கன்னத்தைக் கிள்ளினாள். இனி இது எங்கள் இருவருக்கும் சமமான வகுப்பு என்றாள். நம்பினேன். நம்பாமல் இருக்க எந்தக் காரணமும் இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் என்னைக் கொட்டாஞ்சேனைக்குக் கூட்டிப்போவாள். பூசை முடிந்து வரும் அவளுடைய அம்மா எனக்கென்று மீன்பொரியல் எடுத்து வைத்திருப்பார். பஸ்ஸில் கொண்டக்டரோடு, கடையில் முதலாளியோடு, என் இருப்பிடத்தைப் பதியப் போன பொலிஸ் நிலையத்தில் மேசைக்குப் பின்னால் இருந்தவரோடு, எல்லா இடத்திலும் எனக்காக அவள்தான் சிங்களத்தில் கதைத்தாள். நான் பக்கத்தில் நின்று தலையாட்டுவேன். கொழும்பில் எனக்கு வாய் அவள்தான்.

சிங்களம் படிக்கவேண்டும் என்ற எண்ணமே எனக்கு வரவில்லை.

நகரத்தில் குண்டு வெடித்து ஒரு கிழமையாகியிருந்தது. ஒழுங்கை ஒழுங்கையாகச் சோதனை நடந்துகொண்டிருந்தது. அன்று காலை வகுப்பில் நான் குடிவரவு அதிகாரி. ஆண்களின் சட்டை ஒன்றைப் போட்டு, தலைமுடியைத் தொப்பிக்குள் ஒளித்திருந்தேன். எதிரில் நின்ற பிள்ளை பயப்படவேண்டும் என்பதற்காக மேசையில் தட்டித் தட்டிக் கேட்டேன். யார் உன்னை அனுப்பினது? ஏன் வந்தாய்? உனக்கு இங்கே யாரைத் தெரியும்? ஆங்கிலத்தில்தான் கேட்டேன், உரத்த குரலில். பின்வரிசையில் சிரிப்பு நின்றது. வாசலைப் பார்த்தேன். பொலிஸ்காரர்கள் சிலரும் ஒரு பெண் பொலிசும் படியேறி வந்து நின்றார்கள்.

மூத்தவராக இருந்தவர் என்னைத் தொப்பியிலிருந்து கால்வரை பார்த்தார். இங்கே என்ன செய்கிறீர்கள் என்று கேட்டிருக்க வேண்டும். நான் வாய் திறக்கு முன் உள்ளறையிலிருந்து அவள் வந்தாள். எனக்கு உயிர் திரும்பி வந்ததுபோல் இருந்தது. "நீ ஒண்டும் பேசாத" என்று மெதுவாகத் தமிழில் சொல்லிவிட்டு அவர்கள் பக்கம் திரும்பினாள்.

நிறைய நேரம் கதைத்தாள். குரல் பணிவாகவும் சரளமாகவும் இருந்தது. இடையிடையே கையால் என்னைக் காட்டினாள். 'யாப்பனே' என்ற சொல் எனக்கு விளங்கியது, யாழ்ப்பாணம். 'டீச்சர்' விளங்கியது. 'தன்னே நே' என்பதும் விளங்கியது, தெரியாது என்று அர்த்தம். இவளுக்குச் சிங்களம் தெரியாது என்று சொல்கிறாள் என நினைத்தேன். அவள் என்னைக் காட்டிய ஒவ்வொரு தடவையும் அவர்களைப் பார்த்துச் சிரித்துத் தலையாட்டினேன். ஓம், அவள் சொல்வதெல்லாம் சரி என்று காட்டுவதற்காக.

என்னையும் பொலிஸில் பதிவில்லாத இரண்டு பிள்ளைகளையும் கூட்டிப்போனார்கள். சட்டையைக்கூட மாற்ற விடவில்லை.

பொலிஸ் நிலையத்தில் எனக்கு அடி விழவில்லை. மற்றவர்களுக்கு நடந்ததோடு பார்த்தால் எனக்கு நடந்தது ஒன்றுமில்லை, அதைச் சொல்லத்தான் வேண்டும். தமிழ் தெரிந்த ஒருவரை வைத்துத் திரும்பத் திரும்ப ஒரே கேள்வியைக் கேட்டார்கள். விசாரணையில் எப்படிப் பதில் சொல்வது என்று ஆட்களைப் பழக்குகிறாயா, உனக்கு அந்த வேலையைத் தந்தது யார்? வகுப்பு என்றேன், நடிப்பு என்றேன். அப்படியானால் செய்து காட்டு என்றார் இன்ஸ்பெக்டர். மேசைக்குப் பின்னால் அவர், முன்னால் நான். நிமிர்ந்து பார்த்தார். எனக்கு ஒரு சொல் வரவில்லை, எந்த மொழியிலும். நான் போட்ட சட்டத்தை நானே அங்கே நின்று மீறிக்கொண்டிருந்தேன்.

அடுத்த நாள் அவள் வந்தாள். சோற்றுப் பார்சலும் மாற்று உடுப்பும் கொண்டுவந்திருந்தாள். அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். "நீ இல்லாட்டி நான் என்ன ஆகியிருப்பன்" என்றேன். அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. "முதல்ல சாப்பிடு" என்றாள்.

கடைசியில் அறை வீட்டுக்காரர் தனக்குத் தெரிந்த சட்டத்தரணி ஒருவரைக் கூட்டி வந்து எங்களை வெளியே எடுத்தார். பிள்ளைகள் இருவரையும் உறவினர்கள் வந்து கூட்டிப்போனார்கள். அவள் என் அறைக்கு வந்து, கொஞ்ச நாளைக்கு வகுப்புப் பக்கம் வராதே, உன்னைக் கவனிக்கிறார்கள், வகுப்புக்கும் கெட்ட பெயர் வந்துவிடும் என்றாள். நியாயமாகப் பட்டது. வீட்டில் இருந்தேன். சும்மா இருக்க முடியவில்லை. புதிது புதிதாகக் காட்சிகள் யோசித்தேன். தொலைபேசியில் முகம் தெரியாத ஆளோடு கதைப்பது, பள்ளிக்கூட அதிபரிடம் பிள்ளையைச் சேர்க்கப் போவது. சனிக்கிழமைகளில் அவள் வருவாள். எங்கள் அறையின் இரண்டு கட்டில்களுக்கு நடுவே நின்று அவற்றை நடித்துக் காட்டுவேன். விழுந்து விழுந்து சிரிப்பாள். நல்லாயிருக்கு, இன்னும் இருக்கா என்று கேட்பாள். அவள் போனபிறகு அடுத்த சனிக்கிழமைக்கு யோசிக்கத் தொடங்குவேன். அந்தக் கிழமைகளில் என்னால் உபயோகம் இருக்கிறது என்று நினைப்பதே எனக்கு மருந்தாக இருந்தது.

எங்கள் மாணவிகளில் ஒருத்தி மலையகத்துப் பெண். பதுளைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து வந்து காலி வீதியில் ஒரு புடைவைக் கடையில் வேலை செய்தாள். சிங்களம் நன்றாகத் தெரியும், டுபாய்க்குப் போவதற்காக ஆங்கிலம் பழகினாள். அவளைச் சந்தையில் மரக்கறிக் கடைக்கு முன்னால் கண்டேன். சுகம் விசாரித்துவிட்டுத் தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"டீச்சருக்கு இன்னும் அவங்க மேல கோவம் போகலையா?"

"ஆர் மேலை? என்ன கோபம்?"

"அன்னைக்கு அவங்க பொலிஸ்கிட்ட சொன்னதுக்கு. அதுனாலதான நீங்க க்ளாசுக்கு வர்றதில்ல?"

எனக்கு ஒன்றும் ஓடவில்லை. என் முகத்தைப் பார்த்த அவளுக்கு, எனக்குத் தெரியாத ஒன்றைச் சொல்லிவிட்டோம் என்று விளங்கியிருக்க வேண்டும். பையை மற்றக் கைக்கு மாற்றிக்கொண்டு போகப் பார்த்தாள். அவளைப் பிடித்து வைத்து, என்ன சொன்னாள், அப்படியே சொல்லு என்று கேட்டேன்.

"நான் எடம் மட்டுந்தான் குடுத்தேன்னாங்க. இந்தப் பொண்ணு யாழ்ப்பாணத்துல இருந்து வந்து கொஞ்ச நாளுதான், ஆளப் பத்தி எனக்கு ஒன்னும் தெரியாது, இங்க என்னா பழக்குதுன்னும் தெரியாதுன்னாங்க. நிறுத்தச் சொல்லியும் கேக்கலன்னாங்க." குரல் தணிந்தது. "நீங்க சிரிச்சிக்கிட்டே தலையாட்டுனீங்க டீச்சர். ஒங்களுக்கு வெளங்கித்தான் ஒத்துக்கிறீங்கன்னு நான் நெனச்சேன்."

மரக்கறி வாங்காமல் திரும்பினேன். எந்த வழியாக அறைக்கு வந்தேன் என்று ஞாபகமில்லை. அவள் சொன்ன பொய்யைவிட என்னுடைய தலையாட்டலே கண்ணுக்குள் நின்றது. பொலிஸ்காரர்கள் என்ன நினைத்திருப்பார்கள்? குற்றம் சொல்லச் சொல்லச் சிரித்து ஆமோதிக்கும் ஒருத்தி. அதற்குப் பிறகு சோற்றுப் பார்சல். அதற்குப் பிறகு நான் சொன்ன நன்றி. அந்த நன்றியை நினைத்தபோதுதான் உடம்பு பற்றி எரிந்தது. அதை எப்படித் திருப்பி எடுப்பது?

அடுத்த நாள் போனேன். படியேறும்போதே சத்தம் கேட்டது. யாரோ ஒரு புதிய ஆசிரியை தொலைபேசிக் காட்சியை நடத்திக்கொண்டிருந்தாள், கடந்த சனிக்கிழமை நான் நடித்துக் காட்டியதை, நான் விட்ட மூச்சு உட்பட. கதவுக்கு மேலே புதிய பலகை. நடித்துப் பழகும் ஆங்கிலம், புதிய முறை என்று எழுதி அவளுடைய பெயர் மட்டும் போட்டிருந்தது. அவள் என்னைக் கண்டு வெளியே வந்து கதவைச் சாத்தினாள்.

நான் கத்துவேன் என்று அவள் எதிர்பார்த்திருப்பாள். "என்னைத் தெரியாதெண்டு சொன்னனியோ?" என்று மட்டும் கேட்டேன்.

யார் சொன்னது என்று அவள் கேட்கவில்லை. கைப்பிடிச் சுவரில் சாய்ந்துகொண்டாள். "என்ன சொல்லச் சொல்ற? ரெண்டு பேரும் சேர்ந்துதான் செய்றோம் எண்டு சொல்லியிருந்தா ரெண்டு பேரையும் ஏத்தியிருப்பான். சித்தியையும் ஏத்தியிருப்பான். உன்னைக் கொஞ்ச நாள்ல விட்டுருவாங்க எண்டு எனக்குத் தெரியும்."

"உனக்கு எப்பிடித் தெரியும்?"

அவள் கதவு நன்றாகச் சாத்தியிருக்கிறதா என்று திரும்பிப் பார்த்தாள்.

"பயத்திலை சொன்னனி எண்டு வைப்பம். அதை நான் விளங்கிக்கொள்ளுவன். நான் உன்ரை கையைப் பிடிச்சு அழேக்கை ஏன் சொல்லேல்லை? சனிக்கிழமை சனிக்கிழமை வந்து கட்டிலிலை இருந்து சிரிச்சியே, அப்பவாவது?"

அவள் கண்கள் கலங்கின. அது நடிப்பில்லை என்று இன்றும் நம்புகிறேன். "நீ என்னை அவ்வளவு நல்லவள் எண்டு நினைச்சுக்கொண்டிருந்தாய்" என்றாள். "அதை எப்படி உடைக்கிறது?"

பலகையைப் பற்றி நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அதற்கும் ஒரு காரணம் வைத்திருப்பாள். உள்ளேயிருந்து பிள்ளைகள் சிரிக்கும் சத்தம் கேட்டது. இறங்கி வந்துவிட்டேன்.

அதன்பிறகு கொஞ்சக் காலம் எனக்கு எதிலும் பிடிப்பில்லை. காலி வீதியில் மனிதர்கள் சிரித்துக் கதைத்துக்கொண்டு போவதைப் பார்த்தால், இவர்கள் என்னைப் பற்றித்தான் ஏதோ சொல்கிறார்கள் என்று தோன்றும். யோசனைகள் வருவதும் நின்றது. வந்தாலும் யாருக்காக என்று விட்டுவிடுவேன். அவள் என்னிடமிருந்து எடுத்துக்கொண்டது காட்சிகளை அல்ல. ஒன்றைக் கண்டுபிடித்தவுடன் ஓடிப்போய் இன்னொருவரிடம் காட்டும் அந்தச் சந்தோசத்தை எடுத்துக்கொண்டாள்.

என்னை அசைத்தது அந்த மலையகப் பெண்தான். அறையைத் தேடி வந்தாள். அந்த வகுப்புக்குப் போக மனமில்லை, நீங்களே சொல்லித் தாருங்கள் என்றாள். எனக்கு ஒரு யோசனை வந்தது, கனநாளைக்குப் பிறகு. நான் உனக்கு ஆங்கிலம், நீ எனக்குச் சிங்களம் என்றேன். அவள் கடை விடுமுறை நாட்களில் கடற்கரையில் தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் பாறைகளில் உட்கார்ந்து பழகினோம். என் முறைதான். அவள் பொலிஸ், நான் மறிக்கப்பட்டவள். அவள் கடைக்காரி, நான் விலை பேசுபவள். முதல் நாள் அவள் பொலிஸ்காரனாக நிமிர்ந்து பார்த்தபோது எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. அவள் பயந்து நிறுத்தினாள். நிறுத்தாதே, கேள் என்றேன். பதில் சொன்னேன், பிழையாக.

அந்தப் பாறைகளில்தான் எனக்கு அடுத்த வகுப்புத் தோன்றியது. கனடாவுக்குப் போகிறவர்களுக்கு ஆங்கிலம் வேண்டும். கனடாவுக்குப் போகமுடியாமல் இங்கேயே இருக்கப்போகிறவர்களுக்கு? சோதனைச் சாவடியில், ஆஸ்பத்திரியில், அரசாங்க அலுவலகமான கச்சேரியில் அவர்களுக்காக இன்னொருவர்தான் கதைக்கிறார். அந்த இன்னொருவர் என்ன சொல்கிறார் என்று அவர்களுக்குத் தெரிவதில்லை. அந்தப் பெண் டுபாய்க்குப் போகுமுன் என்னை ஓரளவு தேற்றிவிட்டாள். நான் கொட்டாஞ்சேனையில், ஒரு தையல் கடைக்கு மேலே அறை எடுத்துத் தமிழ்ப் பெண்களுக்குச் சிங்களம் பேசப் பழக்கத் தொடங்கினேன். என்னுடைய சிங்களம் அப்போதும் முடமாகத்தான் இருந்தது. முதல் நாளே அதைப் பிள்ளைகளிடம் சொன்னேன். தொப்பி மட்டும் போடவில்லை. தொப்பி இல்லாமலே பயமுறுத்த எனக்குத் தெரியும்.

கொட்டாஞ்சேனையில் அவளுடைய அம்மாவை இரண்டொரு முறை வீதியில் கண்டேன். ஏன் வீட்டுப் பக்கம் வருவதில்லை என்று கேட்டார். வேலை என்றேன். மகள் அவருக்கு ஒன்றும் சொல்லியிருக்கவில்லை. போர்நிறுத்தக் காலத்தில் அவள் கலியாணம் முடித்து அவுஸ்திரேலியாவுக்குப் போனதாகக் கேள்விப்பட்டேன். போகுமுன் யாரிடமோ என் தொலைபேசி இலக்கத்தைக் கேட்டிருக்கிறாள். கொடுக்கவேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அது சரியா பிழையா என்று பிறகு பல தடவை யோசித்திருக்கிறேன். அவள் மன்னிப்புக் கேட்டிருந்தால் நான் என்ன செய்திருப்பேன் என்பது எனக்குத் தெரியாது.

வகுப்பு பெருத்தபோது தனியே சமாளிக்க முடியவில்லை. மட்டக்குளியிலிருந்து ஒரு முஸ்லிம் பெண் உதவிக்கு வந்தாள். சிங்களம் அவளுக்குத் தாய்மொழி போல. கெட்டிக்காரி, நேர்மையானவள், என்னைவிடப் பொறுமைசாலி. அவளாகவே யோசித்த காட்சிகள் பிள்ளைகளுக்கு மிகவும் பிடித்தன. அப்படியிருந்தும் அவள் பாடம் எடுக்கும்போது நான் வெளியே கதவோரம் நின்று ஒட்டுக் கேட்பேன். சிங்களத்தில் என்னைப் பற்றி ஏதாவது சொல்கிறாளா என்று. சொல்லமாட்டாள் என்று தெரிந்தும் நிற்பேன்.

ஒருநாள் திடீரென்று கதவைத் திறந்தாள். நான் விலக நேரமிருக்கவில்லை. என்ன என்று அவள் கேட்கவில்லை. "மிஸ், உள்ளுக்கு வந்து இருந்து கேளுங்களேன், காலு நோகும்" என்றாள். பிள்ளைகள் திரும்பிப் பார்த்தார்கள். போய்ப் பின்வரிசையில் உட்கார்ந்தேன். ஆஸ்பத்திரிக் காட்சி நடந்துகொண்டிருந்தது. ஒரு பிள்ளை காய்ச்சலுக்குச் சிங்களத்தில் என்ன சொல் என்று மறந்துபோய், நெற்றியைத் தொட்டுக் காட்டி எல்லோரையும் சிரிக்க வைத்தாள். நானும் சிரித்தேன்.